வீட்டுப் பாத்தி

கரட்டுப்பதியில் எல்லோரும் கீரை போடுவார்கள். யாரும் அந்தக் கீரையைத் தின்ன மாட்டார்கள். அந்த ஊரில் இது ரகசியமே இல்லை. மேற்கு மலையடிவாரத்திலிருந்து கோவைக்கு வேன் வேனாகப் போகும் அரைக்கீரையும் சிறுகீரையும் பாலக்கும் நகரத்துக்கென்றே வளர்ந்தவை. ட்ரோன் தாழப் பறந்து அவற்றின் மேல் நீல நிறப் பூச்சி மருந்தைத் தூவிவிட்டுப் போகும். வீட்டுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சின்னப் பாத்தி உண்டு. அதன் மேல் ட்ரோன் பறக்காது. அதற்கு வீட்டுப் பாத்தி என்று பெயர். நகரத்துக்காரன் ஓட்டை விழுந்த இலையைத் தொடமாட்டேன் என்கிறான், அவனுக்கு வேண்டியதை அவனுக்குக் கொடுக்கிறோம், நமக்கு வேண்டியதை நாம் வைத்துக்கொள்கிறோம் என்பது ஊரின் நியாயம். கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் சந்தையில் பளபளப்பான கட்டாகப் பார்த்துப் பொறுக்குகிற நமக்கும் அதைத் திட்டப் பெரிதாக வாயில்லை.

சென்னியப்பனின் வீட்டுப் பாத்தி ஊரிலேயே பேர்போனது. மனிதர் விதை விஷயத்தில் யாரையும் நம்பமாட்டார். வயலில் எத்தனை முறை மருந்து பட்டாலும் அசராமல், இலை சுருளாமல், தண்டு பருத்து நிற்கிற செடிகளாகப் பார்த்துப் பூக்கவிட்டு, அவற்றின் விதையைத்தான் வீட்டுப் பாத்திக்குத் தூவுவார். மருந்துக்கே அசராத செடியின் பிள்ளை வேறு எதற்கு அசரப்போகிறது என்பது அவர் நினைப்பு. வருஷக்கணக்காக இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி வந்ததில், போன வருஷம் ஓர் அதிசயம் நடந்தது. வீட்டுப் பாத்தியில் பூச்சி விழுவது நின்றுபோனது. முன்பெல்லாம் பாதி இலை புழுவுக்குப் போகும், மீதிதான் வீட்டுக்கு வரும். இப்போது மருந்தே இல்லாமல் ஓர் ஓட்டைகூட இல்லாத அரைக்கீரை. மண் கைகொடுத்துவிட்டது என்று பூரித்துப்போய் சென்னியப்பன் மாகாளியம்மனுக்குப் பொங்கல் வைத்தார். பூச்சிக்கு என்ன ஆயிற்று என்று அவர் யோசிக்கவில்லை. நல்லது நடக்கும்போது யார்தான் காரணம் கேட்கிறோம்?

அதே சமயத்தில்தான் மகள் சஷ்டிகாவுக்குக் கரு தங்கியது. கல்யாணமாகிப் பல வருஷம் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, போடாத ஊசி இல்லை. அவளும் கணவன் கோகுலும் பெங்களூரில் இருந்தார்கள். செய்தி வந்த வாரத்திலிருந்து சென்னியப்பன் ஈரத்துணியில் சுற்றிய கீரைக் கட்டுகளைப் பஸ்ஸில் அனுப்பத் தொடங்கினார். கடைக் கீரையைக் கையால் தொடக்கூடாது என்று மகளிடம் சத்தியமே வாங்கிக்கொண்டார். கடைக்கு என்ன போகிறது என்று அவருக்குத்தானே தெரியும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவள் பிரசவத்துக்கு வந்தபிறகு பாத்தி முழுக்க அவளுக்கென்று ஆனது. காலையில் கீரைச் சாறு, மதியம் கடைசல், சாயங்காலம் மறுபடி சாறு. மனைவி ருக்குமணிக்கும் அவருக்கும் ரசமே போதும் என்று விட்டுவிட்டார்.

அந்த மாதம் பல்கலைக்கழகத்தின் நச்சு ஆய்வகத்திலிருந்து ஜெபசெல்வி வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து சில வருஷம்தான். நகரத்து மொத்தச் சந்தைக்குள் கீரை போக வேண்டுமானால் அவளுடைய ஆய்வகம் பச்சை முத்திரை கொடுக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு பருவத்திலும் ஊரில் ஒருவருடைய வயலில் இலை பறித்துச் சோதிப்பார்கள். வயலில் என்பது விதி. நடைமுறை வேறு. வெயிலில் வந்தவர்களை வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையில் மோர் கொடுத்து, நீங்கள் எதற்குச் சேற்றில் இறங்கவேண்டும், நானே பறித்து வருகிறேன் என்பார்கள். பிறகு நேராக வீட்டுப் பாத்திக்குப் போவார்கள். கரட்டுப்பதிக் கீரை எப்போதும் தேறிவிடுவதற்குக் காரணம் இதுதான். இந்தப் பருவம் சென்னியப்பனின் முறை, அவரும் அப்படியே செய்தார். ஜெபசெல்வி மோரைக் குடித்துவிட்டு அவர் கொடுத்த கட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் அவளே திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. சோதனையை மூன்று முறை செய்ததாகச் சொன்னாள். இலையில் நீல மருந்து இருந்தது, அதுவும் அவள் வேலையில் இதுவரை பார்த்திராத அளவுக்கு. மருந்தின் அமைப்பும் கொஞ்சம் மாறியிருந்தது. கம்பெனி விற்கும் நீல மருந்தோடு அவர் வேறு எதையோ கலந்து அடிக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். ஒரு சொட்டு மருந்து படாத இலை அது. அதில் விஷம் இருக்கிறது என்று ஒரு மெஷின் சொன்னால் அந்த மெஷினைப் பற்றி என்ன நினைப்பது? எவனோ போட்டிக்காரன் ஆய்வகத்தைக் கவனித்திருக்கிறான், இந்தப் பெண் நடிக்கிறாள் என்று தீர்மானித்துவிட்டார். அதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லவும் வழியில்லை. சொன்னால் இலை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், அவரோடு ஊர் மொத்தத்துக்கும் முத்திரை போய்விடும்.

ஜெபசெல்வி அபராதத்தைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்கு வேறு கவலை இருந்தது. உள்ளே ஏழு மாத வயிற்றோடு சஷ்டிகா நடந்து போவதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயா, ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லுங்க. இந்த வயல் கீரையை உங்க வீட்ல யாராவது சாப்பிடுறாங்களா?"

"சாமி சத்தியமா இல்லீங்க. வயக்காட்டுக் கீரைய நாங்க வாயில வெக்கறதே இல்லீங்க."

அது அப்பட்டமான உண்மை. அவர் குரலிலேயே அது தெரிந்தது. ஜெபசெல்வி நிம்மதியாக மூச்சுவிட்டு, இந்தப் பருவத்துக்கு முத்திரை கிடையாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன கையோடு சென்னியப்பன் கூடையை எடுத்துக்கொண்டு மகளுக்குக் கீரை பறிக்கப் போனார்.

சஷ்டிகாவின் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. முதலில் டம்ளரைப் பிடிக்கும்போது மட்டும். பிறகு கண்ணிமை தானாகத் துடித்தது, வாயில் எச்சில் ஊறி வழிந்தது, உட்கார்ந்த இடத்தில் வியர்த்துக் கொட்டியது. மாதாந்திரப் பரிசோதனை செய்யும் டாக்டரம்மா சத்துக் குறைவு, கால்சியம் பற்றவில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, கீரை நிறையச் சாப்பிடச் சொன்னாள். சொல்ல வேண்டுமா? சென்னியப்பன் சாற்றை மூன்று வேளையாக்கினார். நடுங்கும் கையில் டம்ளர் நிற்காததால் அவரே வாயில் ஊற்றினார். சஷ்டிகா குமட்டுகிறது என்று முகத்தைத் திருப்பினால், குழந்தைக்காக ஒரு மடக்கு, எனக்காக ஒரு மடக்கு என்று கெஞ்சிக் கெஞ்சிக் குடிக்க வைத்தார்.

ருக்குமணிக்குத்தான் என்னவோ உறுத்தியது. அந்த ஆய்வகத்துப் பெண் சொன்னதை அவள் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டிருந்தாள். ஒருநாள் கீரையை ஆய்ந்துகொண்டே, அந்தப் பிள்ளைக்குப் போன் பண்ணி அது எந்தப் பாத்தி இலை என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நான் மருந்தே அடிக்கல. அடிக்காத மருந்து இலையில எப்படி வரும்? அவ பொய் சொல்றதுக்கு நாம எதுக்கு ஊரையே காட்டிக் குடுக்கோணும்?"

நியாயமான கேள்விதான். அடிக்காத மருந்து எப்படி வரும்? ருக்குமணி கீரையை அடுப்பில் ஏற்றினாள்.

ஒன்பதாம் மாத நடுவில், மதியச் சாப்பாடு முடிந்து எழுந்த சஷ்டிகா அப்படியே விழுந்தாள், உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கோவைக்குக் கொண்டுபோய் அவசரமாக வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை குறைவு என்றாலும் உயிரோடு இருந்தது. தாயை மட்டும் குழாய்களோடு தனி அறைக்குக் கொண்டு போனார்கள். பெங்களூரிலிருந்து ஓடிவந்த கோகுலையும் சென்னியப்பனையும் பெரிய டாக்டர் கூப்பிட்டு, அந்தப் பெண் எப்போது பூச்சி மருந்து குடித்தாள் என்று கேட்டார்.

போலீஸ் வந்தது. கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டார்கள். வீட்டில் சண்டையா, புருஷன் சந்தேகப்பட்டானா, பெண் குழந்தை என்று தெரிந்துபோய்விட்டதா. சென்னியப்பன் மருமகனின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். தன் வீட்டில் ஒரு துளி விஷம் கிடையாது, பெங்களூரில்தான் கண்ட கடைக் கீரையைத் தின்னக் கொடுத்து என் மகளைக் கெடுத்துவிட்டாய் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கத்தினார். கோகுல் அதிகம் பேசாத ஆள். மாமனார் அனுப்பிய கீரை தவிர வேறு எதையும் அவள் தொட்டதில்லை என்று மட்டும் சொன்னான். அதை அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னான். அதற்குள் என்ன இருக்கிறது என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

ரத்தத்தில் இருப்பது எந்த மருந்து என்று ஆஸ்பத்திரிக்காரர்களால் அடையாளம் சொல்ல முடியவில்லை. மாதிரியை நச்சு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஜெபசெல்வி பார்த்தாள். பார்த்த கையோடு கரட்டுப்பதிக்கு ஆள் அனுப்பி, இம்முறை சேற்றில் இறங்கி வயலிலிருந்தே இலை பறித்து வரச் செய்து, அதையும் சோதித்தாள். சாயங்காலம் முடிவு கைக்கு வந்ததும் ஆட்டோ பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள்.

"ஐயா, உங்க மக ரத்தத்துல இருக்கிற மருந்தை நான் இதுக்கு முன்னாடி ஒரே ஒரு இடத்துலதான் பார்த்திருக்கேன். நீங்க என் கையில குடுத்த அந்தக் கட்டுல. ஆனா இன்னிக்கு உங்க வயல்ல எடுத்த இலையில அது இல்ல. சாதாரண நீல மருந்துதான் இருக்கு, அதுவும் கொஞ்சம். நீங்க குடுத்தது எங்க பறிச்ச இலை?"

சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ருக்குமணி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"வீட்டுப் பாத்தீங்க," என்றார். "ஆனா அதுல நான் மருந்தே அடிக்கறதில்லீங்க. எம் பொண்ணு மேல ஆணை."

"அதனாலதான்யா," என்றாள் ஜெபசெல்வி. அந்தக் கட்டின் இலைக்குள் பார்த்த கிருமி எதற்கு என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. வராந்தா பெஞ்சில் அவரை உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, விதை எங்கிருந்து எடுக்கிறார் என்று கேட்டுக்கொண்டு சொன்னாள்.

"பூச்சிகிட்ட இருந்து தப்பிக்கச் செடிக்குன்னு சொந்தமா ஒரு கசப்பு, ஒரு காரம் உண்டு. நீங்க தலைமுறை தலைமுறையா மருந்து அடிச்சதுல அது தன்னோடதை மறந்துடுச்சு. மருந்து இருந்தாத்தான் பிழைக்க முடியும்னு அதோட உடம்பு பழகிடுச்சு. அதுலயும் நல்லாப் பழகின செடியாப் பார்த்து நீங்களே விதை எடுத்திருக்கீங்க. வயல்ல வெளிய இருந்து மருந்து கிடைக்குது, அதனால அது சும்மா இருக்கு. வீட்டுப் பாத்தியில கிடைக்கல. தானே செஞ்சுக்கிட்டுது."

"செடி எப்படீங்க மருந்து செய்யும்?"

"இலைக்குள்ள ஒரு கிருமி குடியிருக்கு. முதல்ல அது மருந்தைப் பிரிச்சுத் தின்னத்தான் உள்ள வந்துச்சு. பிரிக்கத் தெரிஞ்சதுக்குச் சேர்க்கவும் தெரிஞ்சுபோச்சு. நீங்க அடிக்கிற மருந்து இலை மேல இருக்கும், வெயில்ல கொஞ்சம் போகும், கழுவினா கொஞ்சம் போகும். இது சாறுக்குள்ளயே இருக்கு. கழுவினாலும் போகாது, வேகவெச்சாலும் போகாது."

சென்னியப்பன் ஒரு கேள்வி கேட்டார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"அப்ப, நான் சந்தைக்கு அனுப்பற கீரையவே எம் பொண்ணுக்கும் குடுத்திருந்தா?"

ஜெபசெல்வி அவரைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "இவ்வளவு ஆகியிருக்காதுங்க."

ஊருக்குத் தண்டனை வேகமாக வந்தது. சென்னியப்பனின் விதை சொந்தக்காரர்கள், சம்பந்தி வீடுகள் என்று பாதி ஊருக்குப் போயிருந்தது. இரண்டு வீடுகளில் கிழவர்கள் கை நடுங்கிக் கிடந்தார்கள், வயசு என்று எல்லோரும் விட்டுவைத்திருந்தார்கள். மருந்து அடிக்காத கீரையை விற்பதும் உண்பதும் குற்றம் என்று ஆணை வந்தது. வீட்டுப் பாத்திகளின் மேல் முதன்முறையாக ட்ரோன் பறந்தது. பெண்கள் பின்கட்டில் நின்று அதைப் பார்த்தார்கள். நீல மருந்துக் கம்பெனியின் விற்பனை கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சலாக இருந்தாலும்.

சஷ்டிகாவோ தேறிக்கொண்டு வந்தாள். கீரை நின்ற சில நாட்களில் இமைத் துடிப்பு அடங்கியது. எச்சில் வழிவது நின்றது. கையில் டம்ளர் நின்றது. பார்க்கப் போன சென்னியப்பன் வாசலிலேயே நின்று, உள்ளே வரக் கூசி, அவள் தண்ணீர் குடிப்பதை வேடிக்கை பார்த்தார். அவள்தான் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

தாய் தேறத் தேறக் குழந்தை மோசமாகிக்கொண்டு போனது. முதலில் பிழிந்து கொடுத்த தாய்ப்பால் உள்ளே போனபோது நன்றாகத் தூங்கிய குழந்தை, பிறகு கத்தத் தொடங்கியது. கை கால் விறைத்தது, இழுப்பு வந்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. மாவுப் பால் கொடுத்தால் இன்னும் மோசம். குழந்தை டாக்டரும் ஜெபசெல்வியும் சோதனைகளை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். விடை இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் புரிந்தது. இருவரில் யார் போய்ச் சொல்வது என்பதில்தான் தாமதம். கடைசியில் ஜெபசெல்வி போனாள்.

சஷ்டிகாவின் அறையில் கோகுலும் சென்னியப்பனும் ருக்குமணியும் இருந்தார்கள். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். கரு தங்கிய நாளிலிருந்து அந்த மருந்தோடுதான் குழந்தையின் நரம்புகள் உருவாகியிருந்தன. அது இல்லாத ரத்தம் எப்படி இருக்கும் என்று அந்த உடம்புக்குத் தெரியாது. செடிக்கு ஆனதுதான் குழந்தைக்கும் ஆகியிருந்தது. செடி தானே செய்துகொள்ளும், குழந்தையால் முடியாது. திடீரென்று நிறுத்தினால் அது பிழைக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் பிழைக்கலாம்.

"அப்ப அந்த மருந்தையே ஊசியில குடுங்க," என்றான் கோகுல்.

முடியாது என்றாள். கம்பெனி மருந்து வேறு, இது வேறு. இதை இலையிலிருந்து பிரித்தெடுத்தால் நிற்காமல் கெட்டுப்போகிறது. சாற்றை நேராகக் கொடுத்தால் அத்தனை சின்ன உடம்பு அப்போதே போய்விடும். அளவாக, கெடாமல் அதனிடம் போய்ச் சேர ஒரே வழிதான் இருக்கிறது. அம்மாவின் பால்.

 சஷ்டிகாதான் கேட்டாள்.

"எவ்வளவு காலம்?"

"ஒரு வருஷம் ஆகலாம். கூடவும் ஆகலாம். உங்க நரம்பு அவ்வளவு காலம் தாங்குமான்னு எங்களால சொல்ல முடியலம்மா. இந்த முறை போனது திரும்ப வராது."

கோகுல் வேண்டாம் என்றான். நமக்கு இன்னொரு குழந்தை பிறக்கும் என்று சொல்ல வாயெடுத்து, அந்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் அழுதான். ருக்குமணி மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள். சென்னியப்பன் அந்தப் பாத்தியை இன்றைக்கே கொத்திப் போட்டுக் கொளுத்திவிடுகிறேன் என்று எழுந்தார்.

"உக்காருங்கப்பா," என்றாள் சஷ்டிகா. "அவ என்ற வயித்துல இருந்தப்ப என்னைய யாரும் கேக்கல. இப்பத்தான் கேக்கறாங்க. நான் சாப்பிடறேன். நீங்க பாத்தியப் பாத்துக்கங்க."

இப்போது கரட்டுப்பதியில் மருந்து படாத பாத்தி ஒன்றே ஒன்றுதான். தனி உத்தரவு வாங்கி, சுற்றிலும் வேலி போட்டு, வேறு யாரும் நுழையாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்து வயல்களில் ட்ரோன் வரும் நாட்களில் சென்னியப்பன் தார்ப்பாய் விரித்துப் பாத்தியை மூடுகிறார். ஒரு திவலை பட்டால்கூடச் செடி சோம்பலாகிவிடும், பேத்திக்குப் பாலில் பற்றாமல் போய்விடும். மனிதர் வாழ்நாளில் எந்தப் பயிரையும் இத்தனை கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதில்லை. ஜெபசெல்வி அளவு சொல்லி அனுப்புகிறாள். அந்த அளவு மெதுவாகத்தான் குறைகிறது. சஷ்டிகா அதைவிட வேகமாகக் குறைகிறாள்.

முதலில் வலது கை போனது. பிறகு இடது கையும் டம்ளரைக் கீழே போட்டது. பார்வை மங்கி, குழந்தையின் முகத்தைக் கண்ணருகே கொண்டு வந்தால்தான் தெரிகிறது என்றாள். குழந்தைக்குக் கன்னம் உப்பி, தொடையில் மடிப்பு விழுந்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறது. பால் குடிக்கும்போது ருக்குமணி குழந்தையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வாள், ஏனென்றால் தாயால் அதைப் பிடிக்க முடியாது. கோகுல் வேலையை விட்டுவிட்டு வந்து இங்கேயே இருக்கிறான். மாமனாரும் மருமகனும் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை.

மகளுக்குச் சோறு ஊட்டுவது மட்டும் சென்னியப்பனின் வேலை. வேறு யாரும் அதைச் செய்ய ஒப்பவில்லை, அவராலும் அதை வேறு யாரிடமும் தள்ள முடியவில்லை. தினமும் மதியம் அவரே பறித்து, அவரே கடைந்து, சாதத்தில் பிசைந்து, உருட்டி உருட்டி வாயில் வைக்கிறார். ஒவ்வொரு உருண்டையையும் வைக்கும்போது மனசுக்குள் இது போதும், இது போதும் என்று சொல்லிக்கொள்கிறார். நேற்று அளவில் பாதியிலேயே தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். இன்றைக்கு அவளுக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று பொதுவாக யாரிடமோ சொன்னார்.

சஷ்டிகாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் எத்தனை உருண்டை சாப்பிட்டோம் என்பது தெரியும். எச்சில் வழிகிற வாயை அவர் பக்கமாகத் திருப்பித் திறந்தாள்.

"இன்னும் வெய்யுங்கப்பா. பாப்பாவுக்குப் பத்தாது."

சென்னியப்பன் தட்டை மறுபடி எடுத்து, மீதியையும் பிசைந்து ஊட்டினார்.